பச்சைக் கம்பியை வெட்டலாமா? ஏரித்துறைப் படகும் கரை மின்சாரமும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். 1990களில் கட்டப்பட்ட 28 அடிப் பழைய படகு ஒன்றை வாங்கி, டென்னசியில் ஒரு நன்னீர் ஏரியின் படகுத்துறையில் நிறுத்தியிருக்கிறீர்கள். முந்தைய உரிமையாளரின் துறையில் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராத படகு, இங்கே கரை மின்சாரக் கேபிளைச் செருகி எதையாவது போட்டவுடன் துறையின் பிரேக்கரை விழவைத்துவிடுகிறது. குறை உங்கள் படகில்தான் என்கிறார் துறைக்காரர். பக்கத்துப் படகுக்காரரோ, கேபிளின் பச்சைக் கம்பியைப் படகுக்குள் கழற்றிவிட்டால் பிரேக்கரும் விழாது, மற்ற உலோகங்கள் அரிக்காமலிருக்கத் தான் கரைந்து அவற்றைக் காக்கவென்று புரொப்பெல்லர் தண்டில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியும் இவ்வளவு விரைவில் கரையாது என்று யோசனை சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்பது முதல் கேள்வி. கோடையில் பிள்ளைகள் துறையிலேயே படகிலிருந்து குதித்து நீந்தலாமா என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் விடை, கூடாது என்பதே. முதல் யோசனையில் உள்ள வில்லங்கம், அது பெரும்பாலும் பலித்துவிடும் என்பதுதான். பச்சைக் கம்பியைக் கழற்றினால் பல படகுகளில் பிரேக்கர் விழுவது நின்றுவிடும், துத்தநாகமும் கூடுதல் நாள் தங்கும். படகில் உள்ள கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அதுவரை பாதுகாப்பாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மின்சாரத்துக்கு இனி ஏரி நீர் ஒன்றே வழி.

மின்சாரம் மண்ணைத் தேடிப் போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அது தான் புறப்பட்ட இடத்துக்கு, அதாவது கரையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பப் பார்க்கிறது. மண்ணும் நீரும் அதற்குக் கிடைக்கும் வழிகளுள் சில. உங்கள் 30 ஆம்பியர், 120 வோல்ட் கேபிளுக்குள் மூன்று கம்பிகள் இருக்கின்றன. கறுப்பு மின்சாரத்தைக் கொண்டுவருவது, வெள்ளை அதைத் திருப்பி எடுத்துச்செல்லும் நியூட்ரல், பச்சை எர்த். நல்ல நிலையில் பச்சைக் கம்பியில் எதுவும் ஓடாது. வாட்டர் ஹீட்டரிலோ பேட்டரி சார்ஜரிலோ கறுப்புக் கம்பியின் காப்பு உடைந்து அதன் உலோக உடலைத் தொட்டால், அந்த மின்சாரத்தைத் தடையின்றிக் கரைக்குக் கொண்டுபோய், பிரேக்கரை உடனே விழச்செய்வதற்காகவே பச்சைக் கம்பி அங்கே இருக்கிறது. படகில் இதே பச்சைக் கம்பி எஞ்சினோடும், அதன் வழியாக நீருக்குள் இருக்கும் தண்டோடும் புரொப்பெல்லரோடும் இணைக்கப்பட்டிருக்கும். கரைக்குப் போகும் பக்கம் அறுந்துவிட்டால், கசியும் மின்சாரம் அந்தத் தண்டின் வழியே நீரில் இறங்கும்.

கடல்நீரில் இதனால் வரும் ஆபத்து ஒப்பளவில் குறைவு. உப்புநீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், மின்னோட்டத்தின் பெரும்பகுதி நீந்துபவரைச் சுற்றிப் போய்விடும். நன்னீர் அப்படியல்ல. உப்பும் நீருமாக இருக்கும் நம் உடல் ஏரிநீரைவிட எளிய பாதை. ஆகவே மின்னோட்டம் உடலுக்குள் புகுந்து செல்கிறது. 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகத் தொடங்கும். அதற்குச் சற்று மேலே போனால் கைகால் அசைக்க முடியாது. 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயத் துடிப்பே குலைந்துவிடும். 120 வோல்ட்டில் எரியும் ஒரு 60 வாட் குண்டு பல்பு எடுப்பது 500 மில்லி ஆம்பியர் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு சிறிய கசிவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும். நீரில் தசை செயலிழந்தவர் மூழ்கிவிடுகிறார். உடலில் தீக்காயம் எதுவும் இருக்காது என்பதால், இத்தகைய சாவுகள் சாதாரண நீர்மூழ்குதலாகவே பதிவாகிவிடுவது உண்டு.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 1999இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லந்துக்கு அருகே, ஆற்றுத்துறை ஒன்றில் உயிர்காப்பு உடை அணிந்து மிதந்துகொண்டிருந்த 8 வயதுச் சிறுவன் படகொன்றிலிருந்து கசிந்த மின்சாரத்தால் இறந்தான். உயிர்காப்பு உடை போட்ட குழந்தை மூழ்க வழியில்லை என்பதாலேயே உண்மைக் காரணம் தேடப்பட்டது. 2012 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்க விடுதலை நாளன்று, உங்கள் மாநிலத்தின் செரோக்கி ஏரித்துறையில் 10, 11 வயதுச் சிறுவர்கள் இருவரும், மிசூரியின் ஓசார்க்ஸ் ஏரியில் அக்காளும் தம்பியுமாக இரு குழந்தைகளும் இதே முறையில் உயிரிழந்தனர். அதன் பிறகே, 2014இல், படகுத்துறைகளில் மின்கசிவுப் பாதுகாப்பையும் எச்சரிக்கைப் பலகையையும் கட்டாயமாக்கும் சட்டம் டென்னசியில் வந்தது.

பழைய துறையில் விழாத பிரேக்கர் இங்கே விழுவதற்கான காரணமும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு 2011ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாகப் படகுத்துறைகளுக்கு 100 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பைக் கேட்டது. 2017இல் அதை 30 மில்லி ஆம்பியராக இறுக்கியது. 2020இல், படகு செருகும் இடத்தில் 30, துறைக்கு வரும் முதன்மை வழியில் 100 என்று பிரித்து வைத்தது. பழைய துறைகள் பலவற்றில் இருப்பது சாதாரண பிரேக்கர். 30 ஆம்பியருக்கு மேல் போனால் மட்டுமே அது விழும். 29 ஆம்பியர் ஏரிக்குள் ஓடினாலும் அதற்குத் தெரியாது. புதிய துறையின் பிரேக்கர் கறுப்புக் கம்பியில் போவதும் வெள்ளையில் திரும்புவதும் சமமா என்று கணக்குப் பார்க்கிறது. நம் ஊர் வீடுகளில் ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் மாட்டும் கருவியின் வேலையும் இதுவே. ஆக, உங்கள் படகு துறை மாறியதால் கெடவில்லை. முன்பும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

இனி, பக்கத்துப் படகுக்காரர் சொன்னதில் உள்ள உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பச்சைக் கம்பி துத்தநாகத்தைத் தின்பது உண்மைதான். துறையில் நிற்கும் எல்லாப் படகுகளின் நீர்மூழ்கிய உலோகங்களையும் அது ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. உங்கள் அலுமினியம், பக்கத்துப் படகின் வெண்கலம், நடுவில் நீர்: ஒரு பெரிய பேட்டரி தயாராகிவிடுகிறது. உங்கள் துத்தநாகம் ஊரார் படகுகளையும் சேர்த்துக் காத்துக் கரைகிறது. இதற்கு மருந்து கம்பியை வெட்டுவதன்று, கால்வனிக் ஐசொலேட்டர் என்னும் சிறு பெட்டி. பச்சைக் கம்பியின் பாதையிலேயே இது அமர்ந்துகொண்டு, உலோக அரிப்பை உண்டாக்கும் ஒரு வோல்ட் சொச்ச நேர்மின்சாரத்தை (டி.சி.) தடுக்கும். கோளாறு நேரத்தில் வரும் மாறுமின்சாரத்தை (ஏ.சி.) முழுமையாக விடும். வாங்கும்போது, கெட்டுப்போனாலும் எர்த் இணைப்பு அறாத வகை என்று குறிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகைகள் சில, கெடும்போது பச்சைக் கம்பியை வெட்டியதற்குச் சமமாகிவிடும். இதைவிட முழுமையான ஏற்பாடு, கரைக் கம்பிக்கும் படகுக் கம்பிக்கும் நேரடித் தொடர்பின்றி மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். ஆனால் எடையும் விலையும் அதிகம், 28 அடிப் படகுக்கு நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்று: நன்னீரில் துத்தநாகமே சரியான பொருளன்று, அதன் மேல் ஆக்சைடு படிந்து செயலற்றுப்போகும். ஏரியிலேயே நிற்கும் படகுக்கு மக்னீசியம் அல்லது அதற்கென வரும் அலுமினியக் கலவைக் கட்டியை மாட்ட வேண்டும்.

சரி, கசிவு எங்கே? பழைய படகுகளில் நான் முதலில் ஐயப்படுவது ஒரு பொருளை அன்று, ஓர் இணைப்பை. வீட்டு மின்பலகையில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும். வீட்டு வேலை பழகிய எலெக்ட்ரீஷியன் படகுக்குள் வந்தால் கை தானாக அதையே செய்யும். படகில் அது பெரும் பிழை. மின்சாரம் எங்கே பிறக்கிறதோ அங்கே மட்டுந்தான் அவ்விரண்டும் இணைய வேண்டும். கரை மின்சாரத்தில் ஓடும்போது அந்த இடம் கரை. படகிலேயே ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஓடும்போது மட்டும் அந்த இடம் படகு. இந்தத் தவறான இணைப்பு இருந்தால், வெள்ளைக் கம்பியில் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு பச்சையில் திரும்பும், கணக்கு இடிக்கும், பிரேக்கர் விழும். பச்சையை வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நியூட்ரல் இப்போது உங்கள் புரொப்பெல்லரோடு இணைந்து நிற்கிறது. என்றாவது ஒரு துறையில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாற்றி இணைக்கப்பட்ட மின்தூணில் செருகினீர்களானால், 120 வோல்ட் முழுதாகத் தண்டுக்கு வந்து நீரில் இறங்கும். படகுக்குள் விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை எளிது. படகின் முதன்மைப் பிரேக்கரையும் கிளைப் பிரேக்கர்கள் அனைத்தையும் அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். அப்போதே துறையின் பிரேக்கர் விழுந்தால், கோளாறு கேபிளிலோ, படகின் செருகுவாயிலோ, அதிலிருந்து முதன்மைப் பிரேக்கர் வரையிலான கம்பியிலோ இருக்கிறது. விழவில்லையென்றால் முதன்மையைப் போட்டு, பின் கிளைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரு குறிப்பிட்ட கிளையைப் போடும்போது மட்டும் விழுந்தால் அந்தக் கருவிதான் குற்றவாளி. எதைப் போட்டாலும், விசிறியோ விளக்கோ வேறுபாடின்றி, விழுகிறதென்றால் நான் மேலே சொன்ன நியூட்ரல்–எர்த் இணைப்பு இருக்கிறதென்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். உங்கள் விவரிப்பில் "எதையாவது போட்டவுடன்" என்றிருப்பதால் என் ஐயம் அங்கேதான் போகிறது. உறுதிப்படுத்த, கேபிளை இரு முனையிலும் கழற்றி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, முதன்மைப் பிரேக்கரைப் போட்ட நிலையில், படகின் செருகுவாயில் வெள்ளை முனைக்கும் பச்சை முனைக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையைப் பாருங்கள். சுழியை ஒட்டி வந்தால் இரண்டும் எங்கோ இணைந்திருக்கின்றன. 25,000 ஓம் அல்லது அதற்கு மேல் காட்டினால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் கம்பி இடம் மாறியதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கின் தடை. 120ஐ 25,000ஆல் வகுத்தால் 4.8 மில்லி ஆம்பியர்தான் வரும், 30ஐத் தொடாது.

குறிப்பிட்ட ஒரு கருவி என்றால், முதல் சந்தேகம் வாட்டர் ஹீட்டர். தொட்டியில் நீரில்லாமல் ஒருமுறை போட்டாலும் அதன் சூடேற்றும் கம்பியின் உறை வெடித்து, பிறகு நீர் உள்ளே புகுந்து கசியத் தொடங்கும். அடுத்தது, காருக்கென்று செய்த மலிவான பேட்டரி சார்ஜரைப் படகில் மாட்டியிருப்பது. இன்வெர்ட்டரோடு சேர்ந்த சார்ஜர்களில் வேறொரு சிக்கல் உண்டு: கரை மின்சாரம் வந்ததும் அது தன் நியூட்ரல்–எர்த் இணைப்பை உடனே விலக்க வேண்டும்; சில பழைய மாதிரிகள் விலக்கத் தாமதிக்கும் கணத்திலேயே பிரேக்கர் விழுந்துவிடும்.

கம்பிகளைத் திறந்து திருத்தும் வேலைக்கு, ஏ.பி.ஒய்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் சான்று பெற்ற படகு எலெக்ட்ரீஷியனையே அழையுங்கள். 1954 முதல் இயங்கும் இந்த அமைப்பின் ஈ-11 என்னும் தரம்தான் இங்கே படகு மின்னிணைப்புக்கு அடிப்படை. அவரிடம் இரண்டு அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, செருகுவாயின் பச்சை முனையிலிருந்து எஞ்சின் வரை மின்தடை ஒரு ஓமுக்குள் இருக்கிறதா என்பது. மற்றது, கசிவு அளக்கும் நுண்ணிய கிளாம்ப் மீட்டரால் முழுக் கேபிளையும் கவ்விப் பார்த்த அளவு. மூன்று கம்பிகளும் சேர்ந்து கவ்விக்குள் இருக்கும்போது போவதும் வருவதும் கழிந்து சுழி காட்ட வேண்டும். காட்டும் எண் எதுவானாலும் அது நீர் வழியாகப் போய்வரும் மின்சாரம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கசிவு முழுவதும் பச்சைக் கம்பியிலேயே ஒழுங்காகத் திரும்பினால் இந்த அளவும் சுழிதான் காட்டும். கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் தனியே கவ்விப் பார்த்தால்தான் அது வெளிப்படும். இப்படித் தனியே கவ்விப் பார்க்காமல் படகு நலம் என்று சொல்லிப்போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கசிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் தீ விட்டுப்போகக்கூடாது. கரை மின்சாரத்தால் எரிந்த படகுகளில் தீ தொடங்கும் வழக்கமான இடம் செருகுவாய். திருகிப் பூட்டும் பிளக்கின் முனைகள் அசைந்து தளர்ந்து, ஈரத்தில் களிம்பு பிடித்து, மின்தடை கூடி, பிளாஸ்டிக் பழுப்பாகும்; பிறகு கருகும். பழுப்புக் கறை தெரிந்தால் துடைத்துப் பயன்படுத்தாமல் பிளக்கையும் செருகுவாயையும் சேர்த்தே மாற்றுங்கள். 30 ஆம்பியர் என்றாலும் தொடர்ந்து இழுப்பது அதில் 80 விழுக்காடு, அதாவது 24 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் 1,500 வாட் ஹீட்டர் ஒன்று 12.5 ஆம்பியர் எடுக்கும். இரண்டை இரவு முழுதும் போட்டால் 25 ஆகிவிடுகிறது. செருகும்போது மின்தூணின் பிரேக்கரை அணைத்து, முதலில் படகு முனை, பிறகு துறை முனை. கழற்றும்போது முதலில் துறை முனை. கைதவறி நீரில் விழுவது உயிருள்ள முனையாக இருக்கக்கூடாது என்பதற்காக இந்த வரிசை.

12 வோல்ட் பக்கம் உங்களுக்கு அதிர்ச்சி தராது, ஆனால் தீ வைக்கும். பேட்டரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு நேர்முனைக் கம்பிக்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கம்பி நீங்கலாக, அதன் தொடக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவிதி 7 அங்குலத்துக்குள். மாறுமின்சாரத்தில் கறுப்பு உயிருள்ள கம்பி. பழைய படகுகளின் 12 வோல்ட் பக்கத்திலோ கறுப்புதான் எதிர்முனை. ஒரே பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடந்தால், வேலை செய்பவர் ஒருநாள் தவறான கறுப்பைப் பிடிப்பார். எதிர்முனைக்கு மஞ்சள் நிறம் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். மறுகம்பி இழுக்க நேர்ந்தால் மஞ்சளையே கேளுங்கள்.

பிள்ளைகள் நீந்துவதைப் பற்றி. உங்கள் படகைச் சரிசெய்தாலும் விடை மாறாது. துறையின் எர்த் எங்கோ அறுந்திருந்தால், பத்துப் படகு தள்ளி நிற்கும் ஒருவருடைய கோளாறு, பச்சைக் கம்பி வழியே உங்கள் புரொப்பெல்லருக்கும் வரும். நீந்த வேண்டுமானால் படகை ஏரி நடுவே கொண்டுபோய் நங்கூரமிட்டு, எஞ்சினையும் ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டு நீந்தட்டும். புகையின் கார்பன் மோனாக்சைடுக்கும் அதுவே காப்பு. துறையில் யாரேனும் தவறி விழுந்து, உடலில் சுருக்கென்று கூச்சம் உணர்ந்தால், ஏணியைத் தொடாமல் துறையிலிருந்து விலகி நீந்த வேண்டும். மேலே நிற்பவர்கள் குதிக்கவே கூடாது. காப்பாற்றக் குதித்தவர்களும் செத்திருக்கிறார்கள். துறையின் மின்சாரத்தை அணைக்க வேண்டும், 911ஐ அழைக்க வேண்டும், மிதவை வளையத்தை வீசி இழுக்க வேண்டும். மேலே கொண்டுவந்தவருக்கு மூச்சோ துடிப்போ இல்லையென்றால் சி.பி.ஆர். உடனே தொடங்க வேண்டும்; தோலில் காயம் இல்லாததைப் பார்த்து ஏமாறக்கூடாது.

கோளாறு திருத்தப்பட்ட பிறகு ஒரு செலவு மட்டும் தயங்காமல் செய்யுங்கள். உங்கள் செருகுவாயிலிருந்து கம்பி வழியே 10 அடிக்குள், 30 மில்லி ஆம்பியரில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் துண்டிக்கும் ஈ.எல்.சி.ஐ. என்னும் கசிவுப் பிரேக்கரைப் படகிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். சமையலறை, கழிப்பறைப் பிளக்குகளுக்கு 5 மில்லி ஆம்பியரில் விழும் ஜி.எஃப்.சி.ஐ. என்னும் கசிவுப் பாதுகாப்பு தனியாக வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டிலும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். துறைக்காரர் பழைய பிரேக்கரை வைத்திருக்கும் ஏதோ ஓர் ஏரியில் ஒரு வாரம் தங்க நேரும்போது, கணக்குப் பார்க்கும் ஆளை நீங்களே கூட்டிப்போயிருப்பீர்கள்.